செருப்பில் ஒட்டிய மணல்

திங்கட்கிழமை காலை ஏழு மணி, செங்கல்பட்டு ரயில் நிலையம். சென்னைப் பக்கம் புறப்படும் மின்சார ரயிலின் நெற்றியில் ‘கடற்கரை’ என்று எழுதியிருக்கிறது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையத்தின் பெயர் அது. ஏறுகிறவர்கள் யாரும் கடல் பார்க்கப் போவதில்லை. சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகத் தாம்பரத்திலோ கிண்டியிலோ எழும்பூரிலோ இறங்கி வேலைக்குப் போவார்கள்.

அவர்களில் சிலர் முந்தின நாள் மாலைதான் நிஜமான கடற்கரையில் நின்றவர்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்தால் மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஐந்து ரதங்களைச் சுற்றி, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்து, பொரித்த மீன் வாங்கித் தின்று, முழங்கால்வரை அலையில் நனைந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவர்கள்.

“மகாபலிபுரம் எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இப்போ போகவே போகாத மாதிரி இருக்கு.”

இந்தப் பதிலை நாம் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்போம். செருப்பில் ஒட்டிய மணல்கூட இன்னும் உதிரவில்லை. நேற்றைய மனம் மட்டும் அதற்குள் எங்கே போனது? ஒரு ராத்திரியில் கரைந்துவிடும் ஒன்றுக்காகவா இவ்வளவு செலவும் அலைச்சலும்? இந்தக் கேள்வியைச் சில ஆய்வாளர்கள் பொறுமையாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

ஓதமும் கடல்மட்டமும்

மகிழ்ச்சியை நிறுக்கத் தராசு கிடையாது. ஆளைத்தான் கேட்க வேண்டும். ஆய்வாளர்கள் கேட்பது இரண்டு விதமான கேள்வி. ‘இந்த நேரத்தில் எப்படி இருக்கிறீர்கள்?’ என்பது ஒன்று. ‘மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது?’ என்பது இன்னொன்று. முதலாவதை மனநிலை என்றும் இரண்டாவதை வாழ்நிறைவு என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டும் எப்போதும் சேர்ந்து போவதில்லை. மகளின் கல்யாண நாளில் மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஒரு வாய் காபி குடிக்கவில்லை, பந்தியில் இலை குறைகிறது, சம்பந்தி வீட்டில் யாருக்கோ மனத்தாங்கல். அந்த நேரத்தில் மனநிலையைக் கேட்டால் அழுதுவிடுவார். வாழ்நிறைவைக் கேட்டால் அன்றுதான் அவருக்கு உச்சம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாளுக்கு இருமுறை நீர் ஏறும், வற்றும். அது ஓதம். காலையில் உட்கார்ந்த இடத்தில் மாலையில் உட்கார முடியாது. ஆண்டுக்கணக்கில் எடுத்த சராசரிக் கடல்மட்டமோ அப்படி ஆடுவதில்லை. மனநிலை ஓதத்தைப் போன்றது, வாழ்நிறைவு கடல்மட்டத்தைப் போன்றது. மூன்று நாள் சுற்றுலா கடல்மட்டத்தையே உயர்த்திவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்தான் திங்கட்கிழமை ஏமாந்து நிற்கிறார். விடுமுறை என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமானால் ஓதத்தைப் பார்க்க வேண்டும்: எப்போது ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது வற்றுகிறது.

புறப்படும் முன்பே

நெதர்லாந்தில் ஜெரோன் நவைன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1,530 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் 974 பேர் அந்தக் காலத்தில் விடுமுறைப் பயணம் போனவர்கள், மற்றவர்கள் போகாதவர்கள். போய்வந்தவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? திரும்பிவந்த பிறகு இரு கூட்டத்துக்கும் பெரும்பாலும் வித்தியாசமே தெரியவில்லை. விதிவிலக்கு ஒன்றுதான். ‘பயணம் மிக நிதானமாக, மிக ஓய்வாக இருந்தது’ என்று சொன்னவர்களிடம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் முதல் இரண்டு வாரத்தில் தெரிந்தது. எட்டு வாரத்துக்குள் போய்விட்டது.

வித்தியாசம் தெளிவாகத் தெரிந்த இடம் வேறு: புறப்படுவதற்கு முன். பயணம் போகவிருந்தவர்கள், போகும் முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

இது நம் வீடுகளுக்குப் புதிய செய்தி அல்ல. அடுத்த ஆண்டின் அரசு விடுமுறைப் பட்டியல் பத்திரிகையில் வந்ததும் என்ன நடக்கிறது? எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாகிறது, எது வெள்ளியில் வந்து மூன்று நாளாக நீள்கிறது என்று வீட்டில் ஒருவர் விரல்விட்டு எண்ணுகிறார். புது நாட்காட்டி கைக்கு வந்ததும் முதலில் புரட்டும் பக்கம் விடுமுறைப் பக்கம்தான். பொங்கல் இன்னும் எத்தனை நாள் என்று தினமும் கேட்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் பொங்கலின் ஒரு துண்டு கிடைத்துவிடுகிறது. இந்தக் காத்திருப்பு இன்பத்தை எதிர்நோக்கு என்று சொல்லலாம். விடுமுறைக்குக் கொடுத்த காசில் ஒரு பெரிய பங்கு இதிலேயே திரும்பிவிடுகிறது. அதனால்தான், வீட்டாருக்கு வியப்பாக இருக்கட்டும் என்று எதையும் சொல்லாமல் வைத்திருந்து கடைசி நேரத்தில் கிளப்பிக்கொண்டு போவது எனக்கு உடன்பாடில்லை. பத்து நாள் எதிர்நோக்கை அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டதாகத்தான் அது எனக்குத் தோன்றுகிறது.

உளிச் சத்தம்

சரி, திரும்பி வந்தபின் ஏன் கரைகிறது?

மாமல்லபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் புதியவர் காதில் முதலில் விழுவது சாலையோரச் சிற்பக்கூடங்களின் உளிச் சத்தம். கல்லில் இரும்பு படும் அந்த ஒலியை வெளியூர்க்காரர் நின்று கேட்கிறார். கூடத்துக்கு எதிர்வீட்டில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ‘என்ன சத்தம்?’ என்பார். காது கெட்டுவிடவில்லை. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் ஒன்றை மூளை கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. புதிதாக வருவதைக் கவனிக்க இடம் வேண்டுமல்லவா?

இன்பத்துக்கும் இதே கதிதான். புதுவீடு, சம்பள உயர்வு, புது வண்டி எல்லாமே சில மாதத்தில் உளிச் சத்தம் ஆகிவிடுகின்றன. ஃபிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1971-இல் இதை விரிவாக எழுதினார்கள். மனப்பழக்கம் என்று இதற்குப் பெயர் வைப்போம். இதே பழக்கம்தான் துக்கத்தையும் மெல்லத் தணிக்கிறது. இது இல்லாவிட்டால் நம்மால் எந்த இழப்பையும் தாண்டி வாழ முடியாது. ஒரு கையால் தருவதை மறு கையால் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மனப்பழக்கத்தோடு இன்னொன்றும் சேர்கிறது: திரும்பி வந்ததும் காத்திருக்கும் வேலை. இஸ்ரேலைச் சேர்ந்த மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் இருவரும் ஒரு நிறுவனத்தின் 76 அலுவலக ஊழியர்களை விடுமுறைக்கு முன் இருமுறை, நடுவில் ஒருமுறை, பின் இருமுறை அளந்தார்கள். 1997-இல் வந்த ஆய்வு. வேலையால் வரும் சோர்வு விடுமுறையில் நன்றாக இறங்கியது. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே ஓரளவு ஏறிவிட்டது. மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

செங்கல்பட்டு நடைமேடையில் நின்றவர் சொன்னது உண்மைதான் என்று ஆகிறது.

மதியம் பசிக்கும் என்பதற்காக

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா? மதியம் மறுபடி பசிக்கும் என்பதற்காகக் காலைச் சாப்பாட்டை யாரும் விடுவதில்லை. கரைந்துபோவதால் ஒன்று பயனற்றதாகிவிடாது. அடிக்கடி வேண்டியதாக ஆகிறது.

உடம்பு சார்ந்த ஒரு சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் இதயநோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள நடுவயது ஆண்கள் 12,338 பேரை ஒரு பெரிய ஆய்வு பின்தொடர்ந்தது. ஆண்டுதோறும் அவர்கள் விடுமுறை எடுத்தார்களா என்பதும் பதிவாகியிருந்தது. ப்ரூக்ஸ் கம்ப், கேரன் மேத்யூஸ் என்ற இருவர் அந்தப் பதிவுகளை எடுத்து அடுத்த ஒன்பது ஆண்டுகளில் யார் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்து 2000-இல் எழுதினார்கள். ஆண்டு தவறாமல் விடுமுறை எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் இறந்துபோகும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. காசும் நல்ல வேலையும் நல்ல உடம்பும் உள்ளவர்தான் விடுமுறை எடுக்க முடியும். அந்தக் காசும் உடம்புமே அவரைக் காத்திருக்கலாம். வருமானம், படிப்பு போன்றவற்றைக் கழித்துவிட்டுத்தான் அவர்கள் கணக்குப் போட்டார்கள் என்றாலும், இரண்டு விஷயம் சேர்ந்து வருவதும் ஒன்றால் மற்றொன்று வருவதும் வேறு வேறு. விடுமுறை ஆயுளைக் கூட்டும் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. வருடக்கணக்கில் விடுமுறையே எடுக்காமல் இருப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுவதை நிறுத்தலாம் என்று மட்டும் சொல்வேன்.

எட்டாம் நாள்

எத்தனை நாள் போனால் போதும்? ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளர் தம் குழுவோடு 54 ஊழியர்களின் நீண்ட கோடை விடுமுறையை அளந்தார். சராசரி 23 நாள். விடுமுறை தொடங்கியதும் அவர்கள் நலம் மளமளவென்று ஏறி, எட்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு மேலே போகவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலை. 2013-இல் வெளியான இந்த முடிவை என் நண்பர்களிடம் சொன்னால் பெருமூச்சு விடுகிறார்கள். எட்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வகுத்திருந்த கணக்கு இது: ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் என்று அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு விடுப்பு. 240-ஐ இருபதால் வகுத்தால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டிலேயே ஊர்த் திருவிழா, தங்கை வளைகாப்பு, அப்பாவின் கண் ஆபரேஷன் எல்லாம் அடங்க வேண்டியிருந்தது.

நல்லவேளையாக, நீளம் நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. காரணம் நம் நினைவு கணக்குப் போடும் விதம். டேனியல் கானமனும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை புகழ்பெற்றது. ஒரு கையை 14 டிகிரிக் குளிர்நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை மற்றொரு கையை அதே குளிர்நீரில் 60 விநாடியும், அதற்கு மேல் இன்னும் 30 விநாடியும் வைக்கச் சொன்னார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு டிகிரி மட்டும் சூடேறும். பிறகு, எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நீண்ட வேதனையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்! முடிவு சற்று இதமாக இருந்ததால் அது அவர்கள் நினைவில் சிறியதாகிவிட்டது.

நினைவு மணிக்கணக்கைக் கூட்டுவதில்லை. உச்சத் தருணத்தையும் கடைசித் தருணத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. இதை உச்சமும் முடிவும் என்ற விதியாகச் சொல்வார்கள். மாமல்லபுரத்துக்கு வந்த குடும்பம் ஒரே நாளில் ஐந்து ரதம், கலங்கரை விளக்கம், கடற்கரைக் கோயில், முதலைப் பண்ணை, புலிக்குகை என்று பட்டியலை முடிக்கப் பார்க்கிறது. கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் பிள்ளை வாந்தி எடுக்க, பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழ, நாள் முடிகிறது. வீட்டுக்கு எடுத்துப்போகும் கடைசிப் படம் அதுதான். இரண்டு இடத்தைக் குறைத்துவிட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் மணலில் சும்மா உட்கார்ந்து எழுந்து வந்தால் நினைவு வேறாக இருக்கும்.

உடம்பு இங்கே, மனம் அங்கே

கடற்கரைக் கோயில் சுற்றுச்சுவர் அருகே ஒருவர் கைபேசியில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எதிரே எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோபுரம். அவர் சொல்லிக்கொண்டிருந்தது: “அந்த பில்லை மட்டும் இன்னைக்கே அனுப்பிடுங்க சார், நான் மெயில் பார்த்துடறேன்.” பாவம், அவர் இன்னும் அலுவலகத்தில்தான் இருந்தார்.

ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சொன்னென்டாக்கும் ஷார்லட் ஃபிரிட்ஸும் ஓய்வு எப்போது நிஜமான ஓய்வாகிறது என்று 2007-இல் நான்காகப் பிரித்தார்கள். வேலையிலிருந்து மனம் விலகுவது. உடம்பும் மனமும் தளர்வது. புதிதாக ஒன்றைக் கற்றுக் கைவரச் செய்வது. என் நேரத்தை நான்தான் ஆள்கிறேன் என்ற உணர்வு. இவற்றில் முதலாவதான மனவிலகல்தான் பலருக்குக் கைகூடுவதில்லை. பாதியில் விட்ட வேலை மனத்தைக் கொக்கிபோட்டு இழுக்கிறது. ஒரு எளிய வழி பலனளிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன: கிளம்பும் முன், முடியாத வேலை ஒவ்வொன்றையும் எந்த நாளில், எங்கே, எப்படி முடிப்பேன் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுவது. மனம் அதைத் தாளிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறது.

நான்காவதான சொந்த ஆளுகை பற்றி நாம் குறைவாகப் பேசுகிறோம். சுற்றுலாப் பேருந்தில் விசில் ஊதி ஏற்றி, விசில் ஊதி இறக்கி, இருபது நிமிடத்தில் திரும்பச் சொன்னால் அது வேலைநாளின் மறுவடிவம். குடும்பத்தோடு போகும் பெண்களுக்கு இது இன்னும் கடுமை. வீட்டு அடுப்பை விட்டுவந்து விடுதியிலும் துணி துவைத்து, பிள்ளைக்கு ஊட்டி, எல்லோருடைய மாத்திரையையும் நினைவில் வைத்திருப்பவருக்கு விடுமுறை இன்னும் தொடங்கவே இல்லை. வீட்டில் யாருக்கு ஓய்வு கிடைத்தது என்று கேட்டால் அவர் பெயர் கடைசியில் வரும்.

அலை பார்க்கும் கண்

கடலுக்கென்று தனிப் பலம் உண்டா? இங்கிலாந்தில் மேத்யூ ஒயிட்டும் சகாக்களும் இயற்கையான இடங்களுக்குப் போய்வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களைப் பார்த்தபோது, மனம் புத்துணர்வு பெற்றதாகச் சொன்னவர்கள் கடற்கரைக்குப் போனவர்களிடையே அதிகம். நகரப் பூங்காக்களைவிடக் கடற்கரை முந்தியது.

ரேச்சல் கேப்லன், ஸ்டீபன் கேப்லன் தம்பதி 1989-இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கணக்கு எழுதும்போது, வண்டி ஓட்டும்போது நாம் கவனத்தைப் பிடித்துவைக்கிறோம். பிடித்த பிடி தளரும். அலை, மேகம், இலையசைவு போன்றவை நம்மிடம் எதையும் கேட்காமல் கண்ணை மெல்லத் தம் பக்கம் இழுக்கின்றன. இந்த மென்னீர்ப்பில் இருக்கும்போது, பிடித்துவைக்கும் கவனம் இளைப்பாறுகிறது. அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் முன் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வழிகாட்டி சொல்லும் ஆண்டுக்கணக்கை மறந்துவிட்டு, பின்னங்காலால் முகத்தைச் சொறிந்துகொள்ளும் அந்த மானையும் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையையும் மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். தலைக்குள் ஏதோ தளர்வது தெரியும்.

அதே ஒயிட் குழு 2019-இல் கிட்டத்தட்ட இருபதாயிரம் பேரை ஆராய்ந்து, வாரத்தில் 120 நிமிடம் இயற்கையோடு கழித்தவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள் என்று எழுதியது. அதை ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் பெரிய வித்தியாசமில்லை. செங்கல்பட்டுக்காரர் கொளவாய் ஏரிக்கரையில் வாரம் இரண்டு நாள் நடந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஊட்டிக்குப் போவதற்குக் கடன் வாங்குவதைவிட இது மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மாசிப் பௌர்ணமி

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்பட்டால் மாசி மாதப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் வரவேண்டும். நான் இங்கே எதையும் அளந்து சொல்லவில்லை. ஆய்வுகள் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்தைப் பார்க்கிறேன்.

மாசி மகத்துக்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இருளர் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் சிதறிக் கிடப்பவர்கள். ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் நாலு குடிசை, ஐந்து குடிசையாக வாழ்பவர்கள். பாம்பு பிடிப்பதில் இவர்களுடைய அறிவு உலகறிந்தது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குப் பெரும்பங்கு கிடைக்கிறது. அந்தத் திறமைக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் இருளரில் பலருக்கு வாழ்க்கை செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் விறகு வெட்டும் தோப்பிலும் கழிகிறது.

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் கம்பு நட்டு, புடவையைச் சுற்றிக் கட்டினால் வீடு. நூற்றுக்கணக்கில் அப்படி முளைத்துவிடும். சிவப்பு, மஞ்சள், பச்சைப் புடவைகள் கடல்காற்றில் உப்பி நிற்கும். மூன்று கல் வைத்து அடுப்பு. அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அம்மன் இந்த நாளில் கரைக்கு வருவாள், அவளைச் சமாதானம் செய்து அழைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. பௌர்ணமி இரவு கழிந்து விடியும் முன் கடலில் குளித்து, ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கும்பிடுகிறார்கள். யாருக்காவது அருள் வருகிறது, குறி கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பது எல்லாம் அங்கேதான். கல்யாணமும் அங்கேதான். கூரை கிடையாது, மேளக் கச்சேரி கிடையாது, அலைக்கு முன்னால் தாலி கட்டுகிறார்கள்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். எப்போது வரவேண்டும் என்று யாரும் அழைப்பிதழ் அனுப்புவதில்லை. நிலாவே தேதி. தைப் பௌர்ணமி தாண்டியதும் வளர்பிறை தெரிந்தாலே நாள் நெருங்குகிறது என்று குழந்தைக்கும் தெரியும். எதிர்நோக்குக்கு இதைவிடப் பெரிய நாட்காட்டி இல்லை; வானத்தில் தொங்குகிறது. செலவு பஸ்காசும் அரிசியும்தான். போகும் இடம் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றே, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான். மனப்பழக்கம் அதை உளிச் சத்தமாக்கிவிடுவதற்குள் கலைந்துவிடுகிறார்கள்.

மனவிலகலைப் பாருங்கள். சூளையும் இல்லை, ஆலையும் இல்லை, மேஸ்திரி குரலும் இல்லை. நாலு குடிசையாகச் சிதறி வாழும் சனம் அந்த இரண்டு மூன்று நாளில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து நிற்கிறது. ஊரில் தனியாக, கூச்சத்தோடு ஒதுங்கி நடப்பவர் இங்கே தன் மொழிச் சாயலில் உரக்கப் பேசுகிறார், மாமனை மச்சானைத் தேடிப் புடவை வீடு புடவை வீடாகப் போகிறார். உறவோடு சேர்ந்திருப்பது மகிழ்ச்சிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எந்த ஆய்வும் குறைத்துச் சொன்னதில்லை. முடிவு? விடியற்காலைக் கடல், பூசை, கல்யாணம். உச்சமும் முடிவும் ஒரே காலையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இதைத் திட்டமிட்டு வகுத்தவர் யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்து செய்து இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது.

நான்காவதுதான் என் நெஞ்சை அறுக்கிறது: சொந்த ஆளுகை. கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் ஒழித்தது. அதற்குப் பிறகும் இந்த மாவட்டங்களின் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் தோப்புகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒரு சிறிய முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது தீராது. அது தீரும்வரை வெளியே போகக்கூடாது. நல்லது கெட்டதுக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும், சில சமயம் ஒருவரைப் பிணையாக விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படி இருந்தவருக்கு மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வருவது என்றால் என்ன? விடுமுறை மகிழ்ச்சி தருமா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவருக்கு, யாரையும் கேட்காமல் பஸ் ஏற முடிந்ததே முதல் செய்தி. வேலையை விட்டு எழுந்து போகும் உரிமை இருப்பவனுக்குத்தான் ஓய்வு ஓய்வாக இருக்கும். நெதர்லாந்து ஆய்வின் கேள்வித்தாளில் இதைக் கேட்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.

பூசை முடிந்து வெயில் ஏறியதும் புடவைகளை அவிழ்க்கிறார்கள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து மணலை உதறி மடிக்கிறார்கள். கம்புகளைக் கட்டாகக் கட்டித் தோளில் ஏற்றுகிறார்கள். அலை வந்து ஏழு படிகளையும் கரைத்துவிட்டிருக்கிறது. பூ மட்டும் நுரையில் மிதக்கிறது. கொஞ்சம் தள்ளி இரண்டு குடும்பம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, பையனையும் பிடித்திருக்கிறது, வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. கல்யாணம் எப்போது என்று யாரோ கேட்க, பெண்ணின் அப்பா கடல் பக்கம் கையைக் காட்டுகிறார்.

“வர்ற மாசிக்கு. இங்கேயே.”